ஆடிச்சுற்றுக் கணக்கு

எங்கள் மாமா சினிமாவில் அடி வாங்கிப் பிழைத்தவர். கடைசியில் அங்கேயே, படப்பிடிப்பில் விழுந்து இறந்தும் போனார். இரண்டையும் இப்படி அடுத்தடுத்துச் சொல்வதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்தச் சேதி சங்கரன்கோவிலில் எங்களை வந்தடைந்த சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், அம்மாவின் உலக்கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். சின்ன வயதிலேயே பனவடலிசத்திரம் பக்கம் போய்க் கம்பு சுற்றப் படித்தவர். அதோடு நிறுத்தியிருந்தால் கோயில் கொடைத் திருவிழாவில் நாலு வீச்சு வீசி மாலை வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருந்திருப்பார். அந்தச் சமயம் பார்த்துச் சீனத்துச் சண்டைப் படங்கள் திருநெல்வேலிக்கு வந்து தொலைத்தன. ஒரு படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் வீட்டு உலக்கையைக் காணவில்லை. தேடிப் போனால் கொல்லையில் அது இரண்டு துண்டாகி, நடுவில் மாட்டுச் சங்கிலியோடு மாமாவின் கையில் சுழன்றுகொண்டிருந்தது. முதல் அடி அவர் நெற்றியிலேயே விழுந்திருந்தது.

"ஏலே, நாளைக்கு நெல்லு குத்துததுக்கு உன் காலை வெட்டியா வச்சுக்கிட?" என்று அம்மா கத்தினாள். கத்திக்கொண்டே அவர் நெற்றியில் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். அம்மாவின் கோபம் எப்போதுமே மருந்தோடுதான் வரும்.

அதன் பிறகு பாளையங்கோட்டையில் கராத்தே சொல்லித்தருகிறார்கள் என்று வாராவாரம் பஸ் ஏறினார். அப்பாவின் பழைய வேட்டிகள் வெள்ளைச் சட்டையும் கால்சட்டையுமாக மாறின. விடிவதற்குள் எழுந்து, வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட மணல் சாக்கைக் குத்துவார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, சோறு பிசையக் கஷ்டப்படுவார். ஓடு உடைத்துப் பழகுவதற்காக மாட்டுத்தொழுவின் கூரை ஓடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்த ஐப்பசியில் எங்கள் பசு நனைந்ததற்கு மாமாவின் கராத்தே பெல்ட்தான் காரணம்.

இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று, அவர் விழுந்து பழகியது. வைக்கோல் படப்பின் உச்சியில் ஏறி நின்று, மல்லாக்க விழுவார். தோளை மடக்கி உருண்டு எழுந்து, "பாத்தியாக்கா, ஒண்ணும் இல்ல" என்று சிரிப்பார். அடிப்பதைவிட விழுவதுதான் கஷ்டம், சினிமாவில் அதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள் என்பார். அம்மா அடுப்படியில் இருந்தாலும் அந்தத் தொப்பென்ற சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியேதான் இருப்பாள். அவர் எழுந்து பேசுகிற வரை கரண்டி அசையாது. நானும் அப்படித்தான். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. படுக்கப் போகுமுன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தரம் தொட்டுப் பார்க்கிற பிள்ளை.

மாமா மெட்ராஸுக்குப் போனார். ஒரு வருஷம் கழித்து எங்கள் ஊர் தியேட்டரில் அவரைப் பார்த்தோம். கதாநாயகனைச் சூழ்ந்துகொண்ட அடியாட்களில் ஒருவர். "அந்தா மாமா!" என்று நான் கையை நீட்டுவதற்குள் விழுந்துவிட்டார். பிறகு எந்தப் படம் வந்தாலும் போனோம். ஒரு படத்தில் மாடிப்படியில் உருண்டார், ஒரு படத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார். அம்மா சண்டை தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, "எந்திச்சுட்டானா?" என்று என்னைக் கேட்பாள். படத்தில் அவர் எழுந்திருக்கவே மாட்டார், அதற்குத்தானே சம்பளம். "எந்திச்சுட்டாரும்மா" என்று நான் சொல்லுவேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, வைகாசியில் வந்தவர், பெரிய சேதியோடு வந்தார். முதன்முறையாக வசனம் பேசுகிற வேஷம், வில்லனுக்கு வலது கை. கடைசிச் சண்டையில் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கதாநாயகனோடு மோதி, அங்கிருந்து விழ வேண்டும். அதை ஆடித்தபசுத் திருவிழா கழிந்த பிறகு எடுப்பார்கள்.

"கீழ என்னல விரிப்பாவ?" என்றாள் அம்மா.

"மெத்தை, அட்டைப்பெட்டி, எல்லாம் அடுக்கி வச்சிருப்பாவக்கா."

"யாரு அடுக்குவா? நீ மேல நிக்கும்போது கீழ யாரு பாக்கா?"

மாமா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர், சாமி பூதத்தில் நம்பிக்கை இல்லாதவர். குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தாலும் வாசலோடு நின்று செருப்புகளுக்குக் காவல் இருப்பார். அவர் திருப்பிச் சிரிக்கவில்லை. மெட்ராஸில் ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி, தன் ஆபீஸ் போன் நம்பரை எழுதி மாமாவின் சட்டைப் பையில் வைத்தார்.

அம்மா கோமதி அம்மனிடம் போனாள். எங்கள் ஊரில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் ஜனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள், நாம் சுற்றச் சுற்ற அவள் கால்வலி நமக்கு இறங்கும், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பது நம்பிக்கை. ஆடிச்சுற்று என்று பெயர். அம்மா நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டாள். தபசுக்குள் முடித்துவிட்டால், அதற்கப்புறம் மாமா எந்த உயரத்திலிருந்தும் விழலாம்.

கணக்கு என் பொறுப்பு. ஒரு சிறிய மஞ்சள் பையில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டுக்கொண்டு அம்மாவோடு நடப்பேன். ஒரு சுற்று முடிந்தால் கோபுரத்தடியில் ஒரு கொட்டையைப் போட்டுவிட வேண்டும். அம்மாவுக்கு இது சாதாரண வேலை, எனக்கு உயிர்போகிற வேலை. ஒன்று கூடிவிட்டால் பரவாயில்லை, குறைந்துவிட்டால்? கை தவறி இரண்டு விழுந்துவிட்டால் மாமாவுக்கு அந்த அளவு மெத்தை குறையும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். தூக்கத்தில்கூடப் பையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

தபசுக்கு இரண்டு நாள் முன்பு, கைப்பிடிக்கும் குறைவான கொட்டைகள்தான் மீதி. சாயங்காலத்தோடு முடித்துவிடலாம் என்று அம்மாவும் நானும் போனோம். பிரகாரத்தில் நல்ல கூட்டம். கல் இன்னும் மதிய வெயிலை வைத்திருந்தது. அம்மாவின் பாதம் வெடித்து, விந்தி விந்தி நடந்தாள்.

அன்று மதியம் தாலுகா ஆபீசுக்கு ஒரு டிரங்க் கால் வந்திருந்ததும், கதாநாயகனுக்கு நாள் ஒத்துவராததால் தண்ணீர்த் தொட்டிச் சண்டையை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது, கோபுர வாசலில் அப்பா நின்றார் என்பதுதான். ஆபீஸ் விடும் நேரம்கூட ஆகவில்லை. வாசலுக்கு உள்ளே நின்றார். காலில் செருப்பு இல்லை.

"என்ன, இங்கன வந்திருக்கீக?" என்றாள் அம்மா.

"சும்மாதான்" என்றார் அப்பா.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி எதுவும் கேட்காமல் நடக்கத் தொடங்கினாள். அப்பா என் கையிலிருந்த பையை வாங்கி, கொட்டைகளைத் தன் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு, அவள் பக்கத்திலேயே நடந்தார். ஊரார் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவே சுற்றுகிறார் என்றால் அம்மன் மாமாவைக் கைவிடவே மாட்டாள்.

கோபுரத்தடி வந்தது. அப்பா கொட்டை போடவில்லை. மறந்துவிட்டார் போல என்று அவர் கையைச் சுரண்டினேன். "நீ பேசாம வா" என்றார். அடுத்த சுற்றிலும் போடவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கொட்டை விழாத சுற்று கணக்கில் சேராதே. ஆபீசில் அத்தனை கணக்கு எழுதுகிறவர் இதில் போய் இப்படிச் செய்கிறாரே, சாமியை ஏமாற்றினால் அது யார் தலையில் விடியும் என்று அவருக்குத் தெரியாதா? அழுகை வந்தது, அழவும் பயமாக இருந்தது. நான் விரல்களை மடக்கி ரகசியமாக எண்ணிப் பார்த்தேன். கூட்டம் இடித்ததில் அதுவும் தப்பிப் போயிற்று.

"முடிஞ்சிருக்கும்லா?" என்றாள் அம்மா ஒருமுறை.

"இல்ல. இன்னும் ஒண்ணு போவோம்" என்றார் அப்பா.

போனார்கள். மறுபடியும் இன்னும் ஒன்று என்றார். அம்மா சரியென்று போனாள். அவள் நடை இன்னும் மெதுவாயிற்று. அப்பா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலேயே அவர்கள் அப்படித் தொட்டு நடந்து நான் பார்த்ததில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. விளக்குகள் போட்டார்கள். எனக்குக் கால் கடுத்தது. போதும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

கடைசியில் அம்மாதான் நின்றாள். கோபுரத்தடியில் நின்று, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"போதும். இனி சொல்லுங்க."

கணக்கைத்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. இதற்கு மேல் தாங்காமல் நானே முந்திக்கொண்டேன். "அப்பா ஒரு கொட்டகூடப் போடலம்மா. எல்லாம் அவுக பையிலதான் இருக்கு!"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டி அப்பாவின் சட்டைப் பையைப் பற்றினாள். எடுத்து எண்ணப்போகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அவள் அதைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பை கிழிந்தது. கொட்டைகள் கல் தரையில் தெறித்து நாலா பக்கமும் ஓடின.

கூட்டம் மிதித்துவிடுமே என்று நான் குனிந்து, ஆட்களின் கால்களுக்கிடையே புகுந்து பொறுக்க ஆரம்பித்தேன். பின்னால் அம்மாவின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஒன்றுகூட விடாமல் எடுத்துவிட வேண்டும், இன்னும் இரண்டு நாளில் தபசு, அதற்கப்புறம் மாமா விழ வேண்டுமே.