பிளாஸ்க்கோடு மைசூரில் ஓர் ஆட்டோப் பயணம்

எங்கள் ஊர் கொள்ளேகாலத்திலிருந்து மைசூர் அறுபது கிலோமீட்டர் சொச்சம். பலரும் அரண்மனை பார்க்கப் போவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதத்தில், நான் போனது என் கணவர் முருகேசனின் மூளையில் வந்த கட்டிக்காக. வைத்தியத்துக்காக அங்கே போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து டாக்டர் என்னை அழைத்தார். எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குள் கருத்து ஒத்துவரவில்லையாம். மெதுவாக வளர்கிற கட்டியா, வேகமாக வளர்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வைத்தியம். மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், சதைக்குள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கோடாக வரைந்து காட்டும் கருவி இருந்தது. கொழுப்பும் புரதமும் மாறியிருந்தால் அந்தக் கோட்டில் தெரியுமாம்.

"புதுசா பண்ணிப் பாக்கறதும்மா. இதை மட்டும் நம்பி முடிவு பண்ண மாட்டோம். உதவியா இருக்கும்," என்றார்.

கொண்டுபோக ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. வாயகன்ற பிளாஸ்க், அதில் நிறைய ஐஸ், நடுவில், எடுத்துவைத்திருந்த சதைத் துணுக்கோடு சின்னக் குப்பி. மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

"மெதுவா போங்கண்ணா," என்றேன். உடனே, "இல்லீங்க, வெரசா போங்க."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். தமிழர்தான். "ரெண்டும் எப்படிக்கா ஆகும்? பிளாஸ்க்ல என்ன, காபியா?"

"எங்க வீட்டுக்காரரு தலையிலிருந்து எடுத்ததுங்ணா. ஐஸ் உருகக்கூடாதுங்."

அவர் முன்னால் திரும்பி வண்டியை விரட்டினார். ரயில்வே கேட் மூடியிருந்ததைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பி, விஜயநகர் தெருக்களுக்குள் புகுந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் குப்பி இடிபடும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து பார்க்கவும் பயம். "ஹெதரபேடிக்கா, பயப்படாதீங்க, வந்தாச்சு," என்றார்.

ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, "சரியா இருக்கு," என்றதும்தான் மூச்சு வந்தது. துணுக்கை மெல்லியதாகச் சீவி, கண்ணாடி போன்ற தகட்டில் உலர்த்திக் கருவிக்குள் வைத்தாள். திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு ஓடியது. நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"நான் சொல்லக் கூடாதும்மா. பழைய சாம்பிள்களோட ஒப்பிடணும். டாக்டர்கிட்டத்தான் சொல்லுவேன்."

டீ வாங்கிக் கொடுத்தாள். பாதியை வைத்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினேன்.

"எங்க புள்ள போயிட்ட?" என்று கேட்டார் முருகேசன். "ஒரு டெஸ்டுக்குங்க," என்றேன். அவர் முடிவைக் கேட்கவில்லை. என் விரலைப் பிடித்தவர், தூங்கும் வரை விடவில்லை.

இரண்டு நாள் அந்த வராந்தாவில் எப்படிக் கழிந்ததென்று எழுதத் தெரியவில்லை. பிறகு டாக்டர் கூப்பிட்டார். கோடு, மெதுவாக வளரும் கட்டிகளோடு ஒத்துப்போயிற்று; இன்னும் சில சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்ததிலும் அதே முடிவு. "கட்டி கட்டிதாம்மா. ஆனா நமக்கு நேரம் இருக்கு," என்றார்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தனியாகப் போகாதீர்கள். எந்தப் பரிசோதனை எதற்கென்று கேளுங்கள், டாக்டர்கள் சொல்வார்கள். கூடப் போகிற நீங்கள், கிளம்புமுன் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த நேரம் பதினோரு வருஷம். அதற்குள் நடந்த மகள் கல்யாணத்தில், வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும், முருகேசன் முதல் பந்திக்குத் தானே பாயசம் ஊற்றினார்.