ஆர்ச்சுக்கு முன்னால் மாறும் பாட்டு

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு அரசு பஸ்ஸும் உண்டு, தனியார் பஸ்ஸும் உண்டு. நான் தனியார் பஸ்ஸில்தான் போவேன். காரணம் பாட்டு. அரியலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்தித் தொண்டை வறண்டு போகிறவளுக்கு, காலையில் கொஞ்ச நேரம் நல்ல பாட்டு கேட்க உரிமை இல்லையா? டிரைவருக்குப் பின்னால், ஸ்பீக்கருக்குக் கீழே இருக்கும் சீட்டு என்னுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் பாவம்.

அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. பாதி வழியில் ஓர் ஊர் வரும். ரோட்டோரம் ஊர்ப் பெயர் எழுதிய சிமெண்ட் ஆர்ச், அதை ஒட்டிக் கம்பிக் கூண்டுக்குள் ஒரு தலைவர் சிலை. எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை, நான் இன்னும் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். அதற்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்க் வந்ததும் டிரைவர் கையை நீட்டிப் பாட்டை மாற்றிவிடுவார். என்ன பாட்டு ஓடினாலும் சரி, அம்மன் பாட்டு வந்துவிடும். ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஏறியதும் பழையபடி சினிமாப் பாட்டு. முன்பு ஒரு கல்யாண வேனில் போட்ட பாட்டுக்காக அந்த ஆர்ச்சடியில் கல் பறந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அம்மன் பாட்டு கேட்டதும் அந்த ஊர் ஆட்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து சீட்டு அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை, பஸ்ஸில் பழகியவர். அரியலூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. குரும்பலூரிலிருந்து ஒரு பஸ் பிடித்து வந்து பெரம்பலூரில் எங்கள் பஸ்ஸுக்கு மாறுவார். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். எங்களுக்குள் எல்லாம் ஒத்துப்போகும், பாட்டு மட்டும் ஒத்துப்போகாது.

பாட்டில் கொள்கை சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். கட்சிப் பாட்டு, சாதிப் பெருமைப் பாட்டு, விழிப்புணர்வுப் பாட்டு, எதுவானாலும் சரி. பாயசத்தில் கடுகு தாளித்த மாதிரி இருக்கும். "பாட்டு கேக்க வந்தா பாடம் நடத்தறாங்க," என்பேன்.

"நீங்க கேக்கற காதல் பாட்டுல மட்டும் என்னங்க இருக்கு? அவ வேணாங்கறா, அவன் பின்னாலயே வரான். அது கொள்கை இல்லீங்களா டீச்சர்?" என்று அக்கா கேட்பார். நான் ஜன்னலைச் சரிசெய்வது போல வெளியே பார்ப்பேன்.

ஒருநாள் தன் போனிலிருந்து ஒரு பாட்டைக் கேட்கச் சொல்லி இயர்போனை என் காதில் வைத்தார். பறை மட்டும்தான், கூட ஒரு பெண் குரல். தாத்தா வெட்டிய கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எங்கள் கைக்கு மட்டும் கயிறு கிடையாது என்று பாடியது. எரிச்சல் வரும் என்று காத்திருந்தேன், மயிர்க்கூச்செடுத்தது. தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல், "சேதிய எடுத்துட்டா இன்னும் நல்லாருக்கும்க்கா," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "அது சேதி இல்லீங்க டீச்சர். எங்க தாத்தா."

டிரைவர் தம்பிக்கு முதுகிலும் காது உண்டு. அக்காவின் தெரு ஆளும் இல்லை, ஆர்ச் ஊர் ஆளும் இல்லை, நல்ல தாளம் கேட்டால் விடமாட்டார். அந்தப் பாட்டை வாங்கித் தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். பெரம்பலூர் எல்லையைத் தாண்டியதும் தினமும் ஒருமுறை போடுவார். காலேஜ் பிள்ளைகள் கைதட்டுவார்கள். சிலர் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். பங்க் வந்ததும் அம்மன் பாட்டு.

அன்றைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று அந்த ஊருக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் அடிமேல் அடியாக நகர்ந்தன. டிரைவரின் கவனம் முன்னால் நகர்ந்த லாரியின் மேல் இருந்தது, கை பாட்டுப் பெட்டிக்குப் போகவில்லை. பங்க்கைத் தாண்டி, சரியாக ஆர்ச்சுக்கு அடியில் வந்து பஸ் நின்றது. டிரைவரும் கண்டக்டரும் டிப்பரைப் பார்க்க இறங்கிப் போய்விட்டார்கள். கிணற்றுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பறைச் சத்தம் சிமெண்டில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் கவனித்தவர் அக்காதான். எழுந்து டிரைவர் சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, பாட்டை நிறுத்த ஒரு பட்டனை அமுக்கினார். அது வேறு பட்டன். பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒரு பொம்பளை எழுந்து நின்று அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுகிறாள். அக்கா தடவித் தடவி அதை அணைப்பதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் டீ கிளாஸோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்தபடியே மீதி டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் அவர் ஆர்ச் ஸ்டாப்பில் எங்கள் பஸ்ஸில் ஏறினார், கூட இன்னொருவர். டிரைவரிடம் ஒரு பென் டிரைவை நீட்டி, "இதப் போடுங்க தம்பி, நல்ல பாட்டு," என்றார். டிரைவர் வாங்கிச் செருகினார். எங்கள் மண், எங்கள் ரத்தம், எங்களுக்கு எதிரே கண்ணை உயர்த்துகிறவன் என்ன ஆவான் என்று ஒரு ஆண் குரல் பாடியது. நாதஸ்வரத்தை வைத்து அபாரமாக மெட்டமைத்திருந்தார்கள். அதுதான் கொடுமை. மட்டமான பாட்டாக இருந்திருந்தால் மனசுக்குள்ளாவது திட்டியிருப்பேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்காவுக்கு எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"பெரம்பலூருங்க."

"குரும்பலூர்னுல்ல சொன்னாங்க," என்று சிரித்தார். பஸ்ஸில் ஒருவரும் திரும்பவில்லை. டிரைவரின் கழுத்து விறைத்துக்கொண்டு நின்றதை மட்டும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த பென் டிரைவ் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அம்மன் பாட்டும் போச்சு, சினிமாப் பாட்டும் போச்சு. போலீஸில் சொல்லலாம் என்றேன். "என்னன்னு எழுதிக் குடுக்கறது டீச்சர்? பஸ்ல பாட்டுப் போடறாங்கன்னா?" என்றார் அக்கா. எங்களுக்கு அரை மணி பின்னால் வரும் அரசு பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். "அதுல பாட்டுப் பெட்டியே கெடையாதுங்க. நிம்மதியா வருவேன். நீங்க மாறாதீங்க, ரெண்டு பேரும் ஒண்ணா மாறுனா இன்னும் கவனிப்பாங்க," என்றார். காலியான பக்கத்து சீட்டில் என் கைப்பையை வைத்துக்கொண்டு வந்தேன்.

போன வாரம் வெள்ளைச் சட்டைக்காரர் அந்தக் கைப்பையைப் பார்த்தார். "அக்காவக் காணோமே டீச்சர், லீவுங்களா?"

"தெரியாதுங்க."

"இதுக்குப் பின்னாடி கெவர்மெண்ட் பஸ் ஒண்ணு வருமுல்ல," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கூட வந்தவரிடம் திரும்பினார். "டீச்சரப் பாரேன், தாளம் போடறாங்க."

குனிந்து பார்த்தேன். கைப்பையின் மேல் என் விரல்கள் அந்தப் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தன. எப்போது ஆரம்பித்தன என்று எனக்கே தெரியவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டேன். என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன். "ஆர்ச்ச தாண்டிட்டீங்களா அக்கா?"

"இப்பத்தான் கெளம்புது டீச்சர். ரெண்டு பசங்க ஏறுனாங்க. பின்னாடி எத்தனையோ சீட்டு காலியாக் கெடக்கு, எம் பக்கத்துலயே வந்து நிக்கறாங்க." அதற்கு மேல் அவர் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.

பாட்டுப் பெட்டி இல்லாத அந்த பஸ்ஸிலிருந்து என் காதுக்குள் நாதஸ்வரம் வந்தது. யாரோ செல்போனில் போட்டு, அவருக்கு மிக அருகில் பிடித்திருக்க வேண்டும். அக்காவின் மூச்சு கேட்டது. நாதஸ்வரம் முடிந்து அந்த ஆண் குரல் ஆரம்பித்தது. முதல் வரி எங்கள் மண், இரண்டாவது எங்கள் ரத்தம். மூன்றாவது வரி எனக்கு ராகத்தோடு மனப்பாடமாகத் தெரியும். அது அக்காவின் காதில் விழப்போவதை நினைத்து, பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்கு நடுவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.