நாலு மணித்தியாலத்தில் ஜித்தா

போன கிழமை ஒரு பிளேனை நான் அரபிக் கடலில் விழுத்திவிட்டேன். கல்முனைக்குடியில், வெளிநாட்டுப் போன் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடை வாங்கில் குந்தியபடியே!

மகள் கைக்குழந்தையோடு ஜித்தாவுக்குப் போகிறாள், மருமகனிடம். பிளேன் ஏறுவது அவளுக்கு முதல் தடவை... பயப்படுவது எனக்கு எத்தனையாவது தடவை என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும். மனைவியின் தம்பி கொழும்புக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டான். டிக்கெட்டில் போட்டிருந்தது எனக்கு மனப்பாடம். கட்டுநாயக்காவில் பகல் பன்னிரண்டுக்கு எழும்பும். ஜித்தாவில் நாலு மணிக்கு இறங்கும்.

நாலே மணித்தியாலம்! சந்தியில் கண்டவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். பின்னே? இங்கிருந்து கொழும்புக்கு வேன் பிடித்தால், செக்பொயின்ட் தோறும் இறங்கி ஏறி, விடிய சுபஹுக்கு வெளிக்கிட்டவர் இரவு இஷாவுக்குப் போய்ச் சேர்ந்தாலே அதிர்ஷ்டம்.

நாலு மணிக்கே கடையில் குந்திவிட்டேன். வீட்டில் போன் இல்லை, மருமகன் அந்தக் கடை நம்பருக்குத்தான் எடுப்பார். அசர் தொழுதுவிட்டு வந்தேன். போன் இல்லை. பொழுது பட்டு மஃரிப் முடிந்தது. இஷாவும் முடிந்தது. போன்... ம்ஹூம்.

கடையில் ஒரு பழைய அட்லஸ் கிடந்தது. நூல் வைத்து அளந்தேன். ஏறக்குறைய மூவாயிரம் மைல். நாலால் பிரித்தேன்.

"றசீக், பிளேன் மணிக்கு எவ்வளவு ஓடும்?"

"ஐந்நூறு மைல் மட்டில ஓடும் காக்கா" என்றான் கடைக்காரன்.

"எழுநூத்தம்பது ஓடியிரிக்கணுமே!"

"அப்பிடி ஓடேலாதே!"

"ஓடேலாதெண்டா? எங்கயோ விழுந்திரிக்கி!"

என் கணக்கைச் சந்தேகிக்காமல் பிளேனைச் சந்தேகித்தேன் பாருங்கள் — அங்கேதான் நான் நிற்கிறேன்.

றசீக் கடைப் பலகைகளைப் போடத் தொடங்கினான். நாட்டு நிலைமை அப்படி, நேரத்தோடு சாத்த வேண்டும்.

"கொஞ்சம் பொறு மனே."

"வீட்ட போங்க காக்கா. காலையில எடுப்பாங்க."

வீட்டுக்கா? மனைவி வாசலில் நிற்பாள். என்னத்தைச் சொல்வது? கடைசிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன். அவன் இழுத்தான்.

போன் மணி அடித்தது.

"வாப்பா! சுகமா வந்திட்டம். புள்ளையும் நல்லா இரிக்கான். இஞ்ச மஃரிபுக்குப் பாங்கு சொல்றாங்க, கேக்குதா?"

கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி: "ஏன் மகள், அங்க பாங்கு சொல்ற மோதினார் நித்திரையாகிட்டாரா? நாங்க இஷாவும் தொழுதிட்டமே!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மருமகன் போனை வாங்கினார். "மாமா, டிக்கெட்டில எறங்குற நேரம் இஞ்சத்த நேரம். உங்களுக்கு ரெண்டரை மணித்தியாலம் பிந்தித்தான் எங்களுக்குப் பொழுது படும்."

ஆக, பிளேன் ஓடியது ஆறரை மணித்தியாலம். அதன் பாட்டில், ஒழுங்கான வேகத்தில்.

நாளுக்கு ஐந்து தடவை மேற்கே அந்தத் திசையைப் பார்த்துத்தான் தொழுகிறோம். நம் வயல் பக்கமாய் இறங்கும் சூரியன் பிறகு அங்கேதான் போகிறது என்று இந்த மண்டைக்கு ஒருநாளாவது பட்டதா?

வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வருஷம் எங்கள் இரண்டு பேரையும் மக்காவுக்கு உம்றா செய்ய வரச்சொல்லி மகள் கூப்பிட்டதையும் சொன்னேன். பிளேனை விழுத்திய கதையை மட்டும் மறைத்தேன். கடைக்கு வந்துபோனவர்கள் வாயால் அது எனக்கு முந்தியே வீட்டுக்கு வந்திருந்தது.

"நான் மட்டும் போறன்" என்றாள். "இஞ்ச இருந்து பயப்பட ஊர்ல ஒராள் வேணும்தானே?"