எதிர்ப்பக்கம் போகும் வில்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு ரோஷக்காரி என்றுதான் பெயர். வெட்டும் இயந்திரம் இடக்கையின் இரண்டு விரல்நுனிகளைக் கொண்டுபோன அன்று, மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது, "வலது கை நல்லா இருக்கில்ல?" என்பதுதான்.

வார இறுதிகளில் அவள் ஊர் இசைக்குழுவில் வயலின் வாசிப்பவள். வில்லை இழுப்பது வலக்கை. தந்தியை அழுத்துவது இடக்கை விரல்கள். அழுத்த விரல் இல்லையென்றால் வயலின் வெறும் மரப்பெட்டி.

"உயிர் தப்பினதே பெருசு. அதைத் தூக்கிப் பரண்ல போடு," என்றாள் அண்ணி.

"என்னையும் சேர்த்துப் போடுங்க அண்ணி!"

தந்திகளை இடம் வலமாக மாற்றிக் கட்டினாள். வில்லை இடக்கைக்குக் கொடுத்தாள். அதைப் பிடிக்க மிச்ச விரல்கள் போதும். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் ஒலித்தது. வயலின் பழுதுபார்ப்பவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெளியே மாத்தினா போதுமாம்மா? உள்ளே தாங்குற குச்சியும் கட்டையும் பழைய பக்கமே நிக்குதே. மேல்பலகையப் பிரிச்சுதான் மாத்தணும். உடைஞ்சா நான் பொறுப்பில்ல."

"பிரிங்க."

வயலின் பிழைத்தது. பிறகுதான் அண்ணிக்குப் பாடு. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சமைத்தாள்.

குழுத்தலைவரோ வாசிப்பைக் கேட்கவே இல்லை. "எல்லா வில்லும் ஒரே பக்கம் போகணும். உங்களோடது எதிர்ப்பக்கம் போகுது. பக்கத்துல இருக்கிறவங்க கண்ணக் குத்திடும். வேணும்னா வாசல்ல டிக்கெட் கிழிங்களேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்கு முன்னாலா அழுவது!

"பக்கத்துல யாருமே இல்லாத இடம் ஒண்ணு இருக்கே சார்," என்று மேடை நடுவில், தனியாக வாசிப்பவர் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

பாதியில் ஒரு ஸ்வரம் பிசகியது. காது கூசுகிற பிசகு. குழுத்தலைவர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். அந்தக் கை உயர்ந்தால் மொத்தக் குழுவும் மூச்சுவிடாது.

"தப்பு என்னோடதுதான் சார். மிச்சமும் என்னோடதுதான், கேளுங்க," என்று தந்தியிலிருந்து வில்லை எடுக்காமலே சொன்னாள். உயர்ந்த கை உயர்ந்தபடியே நின்றது. அவள் கடைசிவரை வாசித்தாள். அவர் கை வலித்துத் தானாகவே இறங்கியது.

அடுத்த வாரம் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரமாக, அவளுக்கென்று ஒற்றை நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் கடந்து வந்து, குழுத்தலைவரின் மூக்குக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். கண்ணக் குத்திடப் போகுது."