வெட்டிய கொப்பு

செண்பகத்தோப்பில் எங்களுக்கு ஒரு சிறிய மாந்தோப்பு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம். அந்தக் காட்டை அணில் சரணாலயம் என்று அறிவித்துப் பலகை வைத்த புதிதில், ராஜபாளையத்தில் எங்கள் தெருவே சிரித்தது. புலிக்கு வைத்தால் சரி, அணிலுக்குமா? எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த மலை அணில் என்ன பாடு படுத்தும் என்று தோப்பு வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமாகச் சாம்பல் வால். ஒரு காயை முழுசாகத் தின்றாலாவது மனசு ஆறும். ஒரு கடி கடித்துக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்.

காய்ப்புக் காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பகலெல்லாம் தோப்பில்தான். தகரத்தைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். எங்கள் நாய் கீழே நின்று குரைக்கும். அணில் மேலே சாவகாசமாகத் தின்னும். லேசில் தரைக்கு இறங்காத பிராணி, கொப்புக்குக் கொப்பு தாவித்தான் போகும். நாலு நாள் பார்த்ததில் அதன் பாதை பிடிபட்டது. எங்கள் கடைசி மாமரத்தின் கொப்பு ஒன்று ஓடைக்கரை மருத மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. காட்டோடு வேறு தொடுப்பே இல்லை.

"அந்த ஒத்தக் கொப்பை வெட்டிவிடுங்க, சோலி முடிஞ்சது" என்றேன்.

"காட்டு வாட்சர் பாத்தா சத்தம் போடுவாரு."

"நம்ம மரம், நம்ம கொப்பு. அவருக்கென்ன?"

வீட்டுக்காரர் ஏறி வெட்டினார். அணில் அப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு தூக்குச்சட்டியைத் திறந்தேன்.

மத்தியானம் அது திரும்பி வந்தது. மருத மரத்து நுனிவரை ஓடி வந்து சட்டென்று நின்றது. முன்னால் வெறும் வெளி. கத்தத் தொடங்கியது. "போலே, வேற தோப்பைப் பாரு" என்று நான் கை தட்டினேன். அது போகவில்லை. பின்னால் போகும், ஓடி வரும், நுனியில் நின்று கத்தும். காய் தின்ன வந்ததற்கு இத்தனை தவிப்பு எதற்கு என்று எனக்கே தோன்றியது. வீட்டுக்காரரை மறுபடி மாமரத்தில் ஏறிப் பார்க்கச் சொன்னேன்.

"ஏட்டி, இங்கன கூடு இருக்கு" என்றார் உச்சியிலிருந்து. "உள்ள குட்டி கெடக்கு."



கூடை இறக்குகிற கயிற்றை இரண்டு மரத்துக்கும் இடையே கட்டிப் பார்த்தோம். அது மோந்துவிட்டு விலகியது. வெயில் சாய்ந்தது. குட்டி காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. "செத்த நேரம் சும்மா இருந்து பாப்போம்" என்றார் அவர். நாயைக் கட்டலாம் என்று நான் சங்கிலியை எடுப்பதற்குள் அணில் இறங்கத் தொடங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே நாயை அமுக்கி, அதன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மரத்துக்கும் நட்டநடுவில். இனி அசைந்தால் அது மிரண்டு ஏறிவிடும்.

தலைகீழாக இறங்கித் தரையில் கால் வைத்தது. ஒரே ஓட்டமாக ஓடி மாமரத்தில் ஏறியது. அப்பாடா என்றிருந்தது. இனி இங்கேயே இருக்கட்டும், எம்புட்டுக் காயை வேண்டுமானாலும் கடிக்கட்டும் என்று நினைத்தேன்.

அது குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இறங்கியது. நாய் என் பிடிக்குள் திமிறியது. அணில் என்னைப் பார்த்தது. அதன் உடம்பு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அப்படிப் பயந்துகொண்டே என்னைத் தாண்டித்தான் ஓடியது. வேறு வழியை நான் விட்டுவைக்கவில்லையே.