சித்தியின் முதல் ஈஸ்டர் விருந்து

கிரேப் காகிதத்தில் செய்த மஞ்சள் பூக்களை ஜன்னல் கம்பிகளில் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தார் சித்தி. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி ஒரு பூவைக் கட்டுவார், நூலைப் பல்லால் கடித்து அறுப்பார், இறங்கித் தள்ளி நின்று பார்ப்பார், மறுபடியும் ஏறுவார். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை அது. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு அவர் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு வயது பதினான்கு.

அம்மா இறந்து மூன்று வருடம் கழித்து அப்பா சித்தியை மணந்துகொண்டார். சித்தி கேரித் தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கூலித் தொழிலாளர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அப்பாவின் ஆட்களோ தலைமுறை தலைமுறையாக இரயில்வேயில் இருந்தவர்கள். தோட்டத்துப் பெண் என்று அவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. அவர்கள் எல்லாரையும் ஈஸ்டர் மாலைத் தேநீருக்கு அழைத்து, வீட்டை அலங்கரித்து, ஒரு நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்பது சித்தியின் ஆசை. எங்கோ ஒரு பத்திரிகையில் வெளிநாட்டு வசந்தகால விருந்தின் படத்தைப் பார்த்து வெட்டி வைத்திருந்தார். "இங்கல்லாம் ஸ்பிரிங் வராதுலா. நாமளாத்தான் கட்டித் தொங்க விடணும்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காரணம், அன்று காலையில்தான் அவர் ஹாலில் இருந்த நீலத் திரைச்சீலைகளைக் கழற்றியிருந்தார். அம்மா தைத்தவை அவை. அவற்றின் இடத்தில் இப்போது மஞ்சள் பூப்போட்ட புதுத் துணி தொங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையில் அவர் முட்டை வாங்கக் கடைக்குப் போனதும் நான் பந்திங்கில் இருந்த அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். அத்தை அப்பாவின் மூத்த அக்கா. அவரிடம் சொன்னால் போதும், மற்ற எல்லாருக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். "அத்தே, நாளைக்கு பார்ட்டி இல்லையாம். சித்தி யாரையும் வர வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சித்தி அடுப்படிக்குள் போனவர்தான். உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப், மீகூன் சேமியா, முட்டை சாண்ட்விச், வெண்ணெய் கேக், சாயம் தோய்த்த அவித்த முட்டைகள் என மேசை நிறைந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பாவுக்கு அன்று வேலை, ஏழு மணிக்குத்தான் வருவார். நான்கு மணிக்கு சித்தி புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலைத் திறந்து வைத்தார். நாலரை ஆனது. ஐந்து ஆனது. ஈ மொய்க்காமல் தட்டுகளை மூடினார். அடுக்கி வைத்த கரண்டிகளையே மறுபடி அடுக்கினார். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கரண்டிச் சத்தம் கேட்கக் கேட்க அறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டேன்.

அப்போது தொலைபேசி மணி அடித்தது. சித்தி தாழ்ந்த குரலில் ஏதோ பேசி வைத்துவிட்டு என் அறை வாசலுக்கு வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "வாமா, அக்கம்பக்கத்துல கூப்பிட்டுட்டு வருவோம். தனியாப் போக எனக்கு வெக்கமா இருக்கு," என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மக்சீக் என்று எல்லாரும் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மூலை வீட்டில் தனியாக இருந்த சீனப் பெரியவர், லோரி ஓட்டும் அண்ணன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். அதுவரை அவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. சீனப் பெரியவர் தன் வாசலில் பூத்திருந்த காகிதப்பூக் கொத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் செருப்பு அடுக்குக்குப் பின்னால் சித்தி ஒளித்து வைத்த சாய முட்டைகளைத் தேடித் தேடிக் கத்தினார்கள். ஏழு மணிக்கு வந்த அப்பா வாசலிலேயே திகைத்து நின்றார். "அக்கா வரலையா?" என்று கேட்டார். "இன்னொரு நாள் வருவாங்க, நீங்க சாப்பிடுங்க," என்றார் சித்தி.

அதன் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்தத் தெரு எங்கள் வீட்டில்தான் இருந்தது. அத்தை மட்டும் வந்ததே இல்லை. கல்யாண வீடுகளில் எல்லாரிடமும் பேசுவார், சித்தியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோட்டத்துப் பெண் என்ற இளக்காரம்தான் காரணம் என்று நான் நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இந்த வருடம் பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டில் நான் முதல்முறையாக ஈஸ்டர் விருந்து வைத்தேன். தம்பி மகள் வீடு என்பதால் அத்தையும் வருவதாகச் சொல்லியிருந்தார். முதல் நாளே சித்தி உதவிக்கு வந்துவிட்டார். இருவரும் அடுப்படியில் முட்டைக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்தபோது, இருபது வருடமாக மறைத்து வைத்திருந்த அந்தத் தொலைபேசிப் பேச்சைச் சொல்லிவிட்டேன்.

சித்தி நிமிரக்கூட இல்லை. "தெரியும்மா. அன்னிக்கே உங்க அத்தை போன் பண்ணிக் கேட்டாங்க. ஆமா, நான்தான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லிட்டேன்."

"அதனாலதானா அவங்க இத்தன வருஷமா உங்க கூடப் பேசல? ஏன் சித்தி அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைக் காட்டிக் கொடுத்திருந்தா அவங்க உன்னை வெறுத்திருப்பாங்க. அம்மா இல்லாத புள்ள, உனக்கு வேற யாரு இருக்கா? எனக்கு உங்க அப்பா இருந்தாரு." சொல்லிவிட்டு முட்டையைத் திருப்பிப் போட்டார். "நான் பண்ணதும் தப்புதான். அந்தத் திரைய எடுக்கறதுக்கு முன்ன உன்கிட்ட கேட்டிருக்கணும்."

மறுநாள் அத்தை வந்து உட்கார்ந்ததும், தண்ணீர்கூடக் கொடுக்காமல் பக்கத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை என்னைத் திட்டவில்லை. முழங்காலில் கையூன்றி எழுந்து மெல்ல அடுப்படிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த சித்தி அவரைக் கண்டு சட்டென்று ஒதுங்கி நின்றார். அத்தை அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார்.

"நீ போயி உட்காரு. நான் வெட்டுறேன்," என்றார்.