பெரட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை காலை கோலாலம்பூரில் கொமுட்டர் ரயில் ஏறினேன். சிரம்பான் வரை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கட்டணம் ஒன்பது ரிங்கிட்டுக்குள் அடங்கிவிட்டது. பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அதில் போட்டிருந்த குளிரில் பல் கிட்டிப் போய், கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பட்டுப்புடவையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். எதிரில் இருந்த சீனப் பெண்மணி அதன் கரையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் மலேசியாவுக்கு வந்தது அண்ணன் மகன் கல்யாணத்துக்கு. ஊர் திரும்பும் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் கிடந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒரு தகவல் சொன்னார்: "சிரம்பான் பக்கம் ஒரு சர்ச் இருக்கு ஆன்ட்டி. பாஸ்டர் டீ-சர்ட்டுதான் போடுவாரு. பெரட்டு எடுப்பாங்க." பெரட்டு என்றால் என்னவென்று கேட்பதற்குள் பாயசம் வந்துவிட்டது, அவர் அதில் இறங்கிவிட்டார். அந்தக் கேள்வியோடுதான் ரயில் ஏறினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டைக்காரி. வெள்ளைக்காரன் கட்டிய கோபுரம், பரம்பரையாக ஒரே பெஞ்சு, கஞ்சி போட்ட வெள்ளை அங்கி என்று வளர்ந்தவள். கடை மாடியில் டிரம்ஸ் அடித்து ஆளை அழவைக்கிற சபைகள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. குறை கண்டுபிடிக்கலாம் என்ற ஆசையும் உள்ளூர இருந்தது.

சிரம்பான் நிலையத்தில் ரந்தாவ் போக வாடகைக் கார் பேசினேன். இருபது கிலோமீட்டர் சொச்சம்.

"முப்பது வெள்ளி ஆன்ட்டி," என்றார் டிரைவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய தொகை. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள் என்பது பிறகு புரிந்தது. இருந்தாலும் கோயிலுக்குப் போகிற வழியில் முப்பது வெள்ளி கொடுக்க மனசு வரவில்லை. இருபத்தெட்டுக்குப் பேசி முடித்தேன். நான் கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசியதாக அவர் நினைத்திருப்பார்.

செனாவாங் தொழிற்சாலைகளைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனை மரங்கள் தொடங்கின. நடுநடுவே ரப்பர். நான் எங்கே போகிறேன் என்று சொன்னதும் டிரைவர் சிரித்தார், பேச்சுக்கு வால் மாதிரி இந்த ஊர்க்காரர்கள் ஒட்டும் 'லா'வோடு சொன்னார்.

"பெரட்டு சர்ச்சா? நான் முருகன் கோயில் ஆளு லா. ஆனா அம்மா செத்தப்ப அவங்கதான் மூணு நாள் சமைச்சுக் கொடுத்தாங்க. மதம் மாறுன்னு ஒரு வார்த்த கேக்கல. கேப்பாங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

ரந்தாவ் சின்ன ஊர். கடைத்தெரு ஒன்று, அதைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகள், அதற்கப்பால் எஸ்டேட்டுகள். டிரைவர் என்னை இறக்கிவிட்டது, ராத்திரி தங்கக் கல்யாண வீட்டார் போனில் ஏற்பாடு செய்திருந்த செல்வி அக்கா வீட்டில். அக்கா என்கிறேனே தவிர, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர்தான். ஊரே அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் ஒட்டிக்கொண்டது. எஸ்டேட்டில் பிறந்தவர், பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், இப்போது செனாவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறார். என் பையை வாங்கி வைத்த கையோடு ஒரு முறம் நெத்திலியை என் முன்னால் தள்ளினார். நாளை எல்லோருக்கும் சாப்பாடு, தலை கிள்ள ஆள் வேண்டும். விருந்தாளி மரியாதை அதோடு முடிந்தது.

கிள்ளிக்கொண்டே கேட்டேன், பெரட்டு என்றால் என்ன.

"எஸ்டேட்ல விடியறதுக்கு முன்னாடி ஆபீஸ் முன்னால எல்லாரும் நிக்கணும். கிராணி, அதான் கணக்குப்பிள்ளை, பேரு கூப்பிடுவாரு. இருக்கேன்னு சொல்லணும். சொல்லலன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. அதான் பெரட்டு."

"அதை எதுக்கு சர்ச்சில் எடுக்கறீங்க?"

"டேனியல் வரட்டும். அவன்தான் பாஸ்டர், அவன் சொன்னாத்தான் அழகா இருக்கும்."

டேனியல் மாலையில் வந்தார். நாற்பது வயது இருக்கும். தொழிற்சாலை டெக்னீஷியன், இப்போதும் ஷிப்ட் பார்க்கிறார். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. போதகர் என்று யாராவது சொல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவர் என்றே நினைத்திருப்பேன். அவர் சொன்ன கதை இது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு, ராத்திரி ஷிப்ட் முடிந்த நண்பர்கள் ஐந்தாறு பேர் ஞாயிறு காலை நேரே சிரம்பானில் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவார்கள். போய் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். குறட்டை பற்றிப் புகார் வந்தது. புகார் நியாயம்தான் என்று டேனியலே ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு செல்வி அக்கா வீட்டுக் கார் கொட்டகையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் பிரித்து, ஜெபம் பண்ணி, சாப்பிட்டு, அங்கேயே பாயில் படுத்துத் தூங்கினார்கள். சபை ஆரம்பித்தது அப்படித்தான்.

"அப்பறம் ஆளு கூடிருச்சு. யாரு வந்தா யாரு வரலன்னே தெரியல. எங்க கூட்டத்துல ஒருத்தனுக்கு வேல போயிருச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தான். மூணு ஞாயிறு வரல ஆன்ட்டி. நாங்க பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருந்தோம். போய்ப் பாத்தா அடுப்புல ஒண்ணும் இல்ல. அன்னிக்கு அக்காதான் சொன்னாங்க, பெரட்டு எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு."

அன்றிலிருந்து வழக்கம் இதுதான். பிரசங்கம் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் பெயர் கூப்பிடுவார்கள். பதில் வராத வீட்டுக்கு இரண்டு பேர் சோறு எடுத்துக்கொண்டு போவார்கள். காகிதம் வைத்துக்கொண்டு கூப்பிடக் கூடாது. கூப்பிடுகிறவர் முகம் தெரிந்து கூப்பிட வேண்டும். ஞாபகத்துக்கு மேல் ஆள் சேர்ந்தால் சபையைப் பிரித்துவிடுவார்கள். அப்படிப் பிரிந்ததில் செனாவாங்கில் ஒரு சபை, வீடு வாங்கிப் போன இளசுகளுக்குச் செண்டாயானில் ஒரு சபை. மூன்றுக்கும் பெயர்ப்பலகை கிடையாது. எங்கள் ஊரில் ஒரு சபை இரண்டாக வேண்டுமென்றால் முதலில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

டேனியல் போன பிறகு செல்வி அக்கா முறத்தைக் கழுவிக் கவிழ்த்தார். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

அந்தோணி, முனியாண்டி என்று இரண்டு பேர். ஒரே லயத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளில், பிறந்து, பக்கத்துப் பக்கத்து மரத்தில் பால் வெட்டியவர்கள். முனியாண்டி கும்பிடுவது மாரியம்மனை. ஞானஸ்நானம் எல்லாம் கிடையாது. நண்பனோடு வருவார், சாப்பிடுவார், பெரட்டில் அவர் பெயரும் உண்டு. போன வருஷம் ஒரு ஞாயிறு அந்தோணி வரவில்லை. பெயர் கூப்பிட்டதும், கூட்டத்தில் முகம் தெரியாத பின்வரிசையிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தது. குரல் கொடுத்தது முனியாண்டி.

"எஸ்டேட்ல அது வழக்கம் லா. கூட்டாளி தூங்கிட்டான்னா நாம கொரல் கொடுக்கறது. ஒரு நாள் சம்பளம் போகக் கூடாதுன்னு. அந்தோணி ராத்திரி ஜாகா வேலைக்கு, காவலுக்குப் போறவரு. அசந்து தூங்கறாருன்னு இவரு நெனச்சிட்டாரு. பழக்கத்துல வாய் சொல்லிருச்சு."

அந்தோணி தூங்கவில்லை. பக்கவாதம் அடித்துக் குளியலறையில் கிடந்தார். பதில் வந்துவிட்டதால் யாரும் போகவில்லை. தனியாக இருக்கிற மனிதர். மறுநாள்தான் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார். ஒரு கையும் காலும் போயிற்று, பேச்சும் குழறிவிட்டது. தங்கை வந்து தன்னோடு போர்ட்டிக்சனுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

"முனியாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனாரு. உள்ள போகல. அதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயிறும் வர்றாரு, வெளிய மோட்டார் சைக்கிள் பக்கத்துல நிக்கிறாரு. பேரு கூப்பிட்டா சொல்ல மாட்டேங்கறாரு. சொல்லலன்னா நாங்க அவரு வீட்டுக்குச் சோறு எடுத்துட்டுப் போகணும்ல? அவரு எங்களுக்கு முன்னால மோட்டார்ல போயி வீட்டத் தொறந்து வச்சிருப்பாரு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் கவலை விடவில்லை.

"நாளைக்கு அந்தோணி வர்றாரு, மொத தடவ. அவரு மொகத்தப் பாத்துட்டு இவரு ஒரேடியா வராமப் போயிட்டா? அம்பது வருஷக் கூட்டு. அதான் எனக்குத் தூக்கம் வரல."

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. சபை கூடுவது எஸ்டேட்டின் பழைய ஆயாக்கொட்டகையில். அம்மாக்கள் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போன இடம். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பாதி அழிந்த ஒரு வாத்து ஓவியம். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தவர்கள் பின்வரிசையில் கண்ணை மூடியிருந்தார்கள். யாரும் எழுப்பவில்லை. டேனியல் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடினார், சுருதி சுமார்தான். டிரம்ஸ் இல்லை. பிரசங்கம் எங்கள் ஊரில் அறிவிப்பு வாசிக்கிற நேரத்துக்குள் முடிந்தது. குறை தேடி வந்தவளுக்கு அதுவே கொஞ்சம் ஏமாற்றம்.

அந்தோணி முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார். மெலிந்த மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் தங்கை. சன்னல் வழியே வெளியே பார்த்தேன். மரத்தடியில் ஒரு மோட்டார், அதன் பக்கத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவர். வந்துவிட்டார் என்று செல்வி அக்காவிடம் கண்ணால் சொன்னேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

பெரட்டு தொடங்கியது. செல்வி அக்கா வெறுங்கையோடு நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கூப்பிட்டார். "இருக்கேன்", "இருக்கேன்கா", மலாயில் "அடா லா" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. தூங்கினவர்கள்கூடத் தங்கள் பெயருக்குச் சரியாக விழித்துக்கொண்டார்கள்.

"அந்தோணி."

பதில் இல்லை. அவர் வாய் அசைந்தது, ஓசை வரவில்லை. தங்கை பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். செல்வி அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தார்கள். இவ்வளவு பேர் ஒரு மனிதரின் ஒற்றைச் சொல்லுக்காகச் சும்மா காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"இ...ருக்...கேன்."

யாரும் கைதட்டவில்லை. அக்கா அடுத்த பெயருக்குப் போனார். கடைசியில், குரலைச் சற்று உயர்த்தி, "முனியாண்டி" என்றார்.

வெளியே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். பிறகு மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"யாரு போறா?" என்றார் அக்கா.

வழக்கமாகப் போகிற இருவர் எழப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் அந்தோணியின் இடது கை மேலே போய்விட்டது.

வேனில் டேனியல், அந்தோணி, மடியில் சோற்று அடுக்கோடு நான். எனக்கு மதியம் ரயில். இருந்தாலும் கூட வருகிறேன் என்று ஏறிவிட்டேன். செம்பனைக்குள் மண்சாலை, லயத்துக்கு இரண்டு கிலோமீட்டர். போகிறபோது எங்கள் கோயில் நினைவுக்கு வந்தது. போன வருஷம் முழங்கால் அறுவை செய்து மூன்று மாதம் நான் போகவில்லை. என் இடத்தில் யாரும் உட்காரவில்லையாம். அதைப் பெரிய மரியாதை என்று இதுநாள் வரை எண்ணியிருந்தேன். வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

லயத்தின் கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. முனியாண்டி தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வேன் சன்னலில் அந்தோணியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தார். உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மெதுவாக வந்து சன்னல் பக்கம் நின்று, நண்பரின் மடங்கிய கையைப் பார்த்தார்.

அந்தோணி நேரம் எடுத்துக்கொண்டு கேட்டார். "ஏன்... பெரட்டுக்கு... வரல?"

"வந்தேன் லா. வெளிய நின்னேன்."

"சத்தம்... கேக்கல."

முனியாண்டி தரையைப் பார்த்தார். டேனியல் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில், முனியாண்டி சொன்னார்: "இருக்கேன்."

நான் சோற்று அடுக்கை நீட்டினேன். அந்தோணி இடது கையால் அதைப் பிடித்து என் மடிக்கே திரும்பத் தள்ளினார்.

"இருக்கறவனுக்கு... சபையிலதான் சோறு."

டேனியல் வேனைத் திருப்பினார். முனியாண்டி வீட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது. செம்பனைக்குள் வந்த வழியே போனோம். பின்கண்ணாடியில் ஒரு மோட்டார் விளக்கு எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அந்தோணி அதைப் பார்க்கத் தலையைத் திருப்ப முயன்றார், முடியவில்லை. "வர்...றாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"வர்றார்," என்றேன்.